சம்ப்பில் கொட்டிய வெள்ளைப் பொடி

ப்ளீச்சிங் பவுடர் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டுகிறது. மழை விட்டதும் தெருவோரம் அதைத் தூவிக்கொண்டே போவார்களே, தரையில் விழுந்த அந்த வெள்ளைக் கோட்டைத் தூரத்தில் பார்த்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். பொடியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதை அள்ளிக் கொட்டிய கை என்னுடையது.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். அம்பத்தூர்ப் பக்கம் இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் இரும்புப் பாகங்கள் செய்வார்கள். அவற்றை அளந்து பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரிப்பது என் வேலை. பட்டறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பரிசோதகர் வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நாலு துண்டை மட்டும் பார்த்துப் பார்த்துக் கடைந்து, எண்ணெய் தடவி, பெட்டியின் மேலே வைத்துவிடுவார்கள். "சார், இத்த அளந்து பாருங்க சார்" என்று பவ்யமாக நீட்டுவார்கள். நான் அதைத் தொடவே மாட்டேன். பெட்டிக்கு அடியில் கையை விட்டு ஒன்றை உருவுவேன். பெரும்பாலும் அது தேறாது. பரிசோதனைக்கென்று தனியாகச் செய்து வைப்பவனைப் போல ஈனப்பிறவி உண்டா என்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கத்துவேன். அவள் பாவம், கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சேக்காட்டில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தோம். மொத்தம் இருபத்துநாலு வீடு. முக்கால்வாசிப் பேர் மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்த ஐ.டி. பிள்ளைகள். யாருக்கும் நேரமில்லாததால் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். நான் அதை என் தகுதிக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் கூடுதல். லிஃப்டின் மூலையில் பாக்கு எச்சில், மூன்றாம் மாடியிலிருந்து சன்ஷேடில் வந்து விழும் குழந்தையின் டயபர், மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன் என்று பார்க்கிங்கில் ஊற்றும் புண்ணியவான். எல்லாவற்றையும் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவேன். "சீ" என்று ஒரே ஒரு எழுத்தைக் கீழே எழுதுவேன். பின்னால் என்னைப் பற்றி என்ன பேசினார்களோ தெரியாது, முன்னால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

அந்தக் குழுவில் சுகாதாரத் துறையிலிருந்தும் உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்தும் வரும் அறிவிப்புகளையும் போடுவேன். செய்தித்தாளில் சுற்றிய பஜ்ஜியை வாங்காதீர்கள், திறந்து வைத்த பண்டங்களைச் சாப்பிடாதீர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கடைசி அறிவிப்பை மட்டும் எங்கள் ஃப்ளாட்டில் ஒருவரும் படித்ததில்லை. கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வீடு வீடாக வரும் பணியாளர் அம்மாக்கள் அதையே வாயாலும் சொல்வார்கள். கதவைப் பாதி திறந்து, "நாங்க கேன் தண்ணிதான்" என்று சொல்லி மூடிவிடுவோம். அந்த ஒரு வாக்கியத்தில் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. குடிப்பது கேன் தண்ணீர். பல் தேய்த்து வாய் கொப்புளிப்பது, டம்ளர் அலம்புவது, கொத்தமல்லி கழுவுவது, குழந்தையின் பால் பாட்டிலைக் கழுவுவது எல்லாம் கீழே சம்ப்பிலிருந்து மோட்டார் ஏற்றிவிடும் தண்ணீர். சம்ப் என்றால் பார்க்கிங்கில் தரைக்கடியில் கட்டியிருக்கும் தொட்டி. லாரி வந்து அதில்தான் தண்ணீரை இறக்கும். அதன் இரும்பு மூடியின் மேல் யாராவது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போவார்கள். அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியும். ரெண்டு நாள் தண்ணீர் நிற்கும், ஆளாளுக்குச் சத்தம் போடுவார்கள் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தரைத்தளத்தில் பின்பக்க வீட்டில் ஓர் அம்மாள் வாடகைக்கு இருந்தாள். கணவர் இல்லை. ஒரே மகள், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்பதுதான் பிழைப்பு. சாயங்காலம் ஐ.டி. பிள்ளைகள் பைக்கை நிறுத்தியதும் நேராக அவள் வாசலுக்குத்தான் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வாங்கியதில்லை. அடுத்தவர் கை பட்ட மாவு எனக்கு ஆகாது.

போன மழைக்கு ரெண்டாம் மாடியில் ஒரு பெண் குழந்தைக்கு, ஏழு வயது இருக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அடுத்த ரெண்டு நாளில் மேலும் மூன்று வீடுகளில் அதே கதை. மாடிப்படி முழுக்க அந்த நாற்றம். என்ன சாப்பிட்டீர்கள் என்று நானே வீடு வீடாகப் போய் விசாரித்தேன். நாலு வீட்டிலும் இட்லி. நாலு வீட்டிலும் அவள் மாவு. முப்பது வருஷப் பரிசோதகன் அல்லவா, கண்டுபிடித்துவிட்டேன்.

துறையின் அறிவிப்பு எப்படி இருக்குமோ அதே தோரணையில் குழுவில் எழுதினேன். "உணவுப் பாதுகாப்பு எச்சரிக்கை. தரைத்தளத்தில் விற்கப்படும் மாவை மறு அறிவிப்பு வரை யாரும் வாங்க வேண்டாம். செயலாளர்." உணவுப் பாதுகாப்புத் துறையின் புகார் எண்ணுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. யாரோ அதைப் பக்கத்துத் தெருக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் அவள் வாசலில் ஒரு பைக்கும் நிற்கவில்லை.

மறுநாள் காலை அவள் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, செருப்பு விடும் இடத்திலேயே நின்றாள்.

"இன்னா சார் இப்பிடிப் போட்டுட்டீங்க? அதே மாவுதான் நானும் துன்றேன், எம் பொண்ணும் துன்னுது. எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே."

"உனக்குப் பழகியிருக்கும்" என்றேன். இப்படித்தான் சொன்னேன். இப்போது எழுதும்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"தண்ணி ஒரு மாதிரி கீது சார். மழ வந்ததுலேர்ந்து கொயாவுல ஒரு வாட. அதுக்கோசரம் நாங்க குடிக்கிற தண்ணி, அலசுற தண்ணி, அல்லாத்தையும் காய்ச்சிக்கினுதான் கீறோம். மாவுக்கு மட்டும் அப்பிடியே ஊத்துறேன், வேக வெக்கிறதுதானேன்னு. சம்ப்ப ஒரு தபா தொறந்து பாருங்க சார். அந்த கிரைண்டர் ஓடுனாத்தான் எங்க ஊட்ல சோறு."

அந்தக் கட்டடத்திலேயே தண்ணீரைக் காய்ச்சியது அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "சம்ப்பைப் பற்றி நீ எனக்குச் சொல்லாதே" என்று கதவைச் சாத்தினேன்.

அன்று மத்தியானம் சுகாதார ஆய்வாளரிடமிருந்து போன் வந்தது. பொறுமையான குரல் உள்ள ஒரு பெண்மணி. வயிற்றுப்போக்கு வந்திருப்பதால் எங்கள் தெருவில் எல்லாக் கட்டடத்திலும் தண்ணீரைப் பரிசோதிக்கப் போவதாகவும், நாளைக் காலை பத்து மணிக்கு வருவதாகவும் சொன்னார்.

காலை ஆறு மணிக்குக் கீழே போனேன். ஸ்கூட்டரை நகர்த்தி மூடியைத் தூக்கினேன். ஒரு வாடை வந்தது. சேற்று வாடை என்று சொல்லிக்கொண்டேன். சேற்று வாடை இல்லை என்பது என் மூக்குக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஆய்வாளர் வந்ததும் காட்டியிருக்கலாம். ஆனால் தண்ணீர் கெட்டது என்று எழுதிவிட்டால்? ஒரு வருஷம் சுத்தம் செய்யாத செயலாளர் யார் என்று இருபத்துநாலு வீடும் கேட்குமே. துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டேன். மோட்டார் அறையில் இருந்த ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து, கரைக்காமல் கொள்ளாமல், பாதியை அப்படியே உள்ளே கொட்டினேன். மோட்டாரைப் போட்டு மேல் தொட்டிக்கும் ஏற்றினேன். மூடியைப் போட்டு, ஸ்கூட்டரைப் பழையபடி நிறுத்திவிட்டு மேலே வந்து காபி குடித்தேன்.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். குழாயில் தண்ணீர் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மருந்து ரெண்டு சொட்டு விட்டார். குளோரின் அளவாக இருந்தால் வெளிர் மஞ்சள் ஆகும். எங்கள் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அவர் குப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காலைல ஏதாவது போட்டீங்களா சார்?"

"வழக்கமாப் போடுறதுதான்மா. கொஞ்சம் கை கூடியிருக்கும்" என்றேன். குரல் துளிகூட நடுங்கவில்லை.

"எதையாவது போட்டிருந்தா இந்தத் தண்ணியில எனக்கு ஒண்ணும் தெரியாது சார். உண்மையைச் சொன்னா உங்களுக்குத்தான் நல்லது."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா."

அவர் எழுதிக்கொண்டார். இன்னொரு பாட்டிலில் மாதிரியும் எடுத்துக்கொண்டார். அளவோடு போடுங்கள், சம்ப்பைச் சீக்கிரம் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார். எண்ணெய் தடவிய இரும்புத் துண்டை நீட்டி ஒருவரை அனுப்பிவைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் என் புகாரின் பேரில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். செயலாளர் என்ற முறையில் நானும் கூடப் போனேன். யாராவது வாங்க வருவார்கள் என்று மாவு அம்மாள் முதல்நாள் அரைத்த மாவு பெரிய அலுமினிய அண்டாவில் இருந்தது. ராத்திரி முழுக்க இருந்தும் பொங்கவில்லை. அடியில் சோர்ந்து கிடந்தது. அலுவலர் குனிந்து முகர்ந்தார்.

"என்னம்மா இது, மருந்து வாடை அடிக்குது? பூச்சி மருந்து எதுவும் பக்கத்துல வைப்பியா?"

"அய்யய்யோ, இல்ல சார்."

"அப்ப எப்படி வந்துச்சு?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அலுவலரை விட்டுவிட்டு என்னை ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"தெர்ல சார்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது. புளிக்க வைக்கும் கிருமியும் என் பொடியில் சேர்ந்து செத்துப்போயிருக்கிறது என்று ஒரு நொடியில் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. இன்னும் கேவலம், "அரிசியும் பழசா இருக்கலாம் சார்" என்று எடுத்துக் கொடுத்தேன். அலுவலர் மாவில் மாதிரி எடுத்து மூடி முத்திரை வைத்தார். அவளிடம் பதிவுச் சான்றும் இல்லை. அதை எடுக்கும் வரையிலும், முடிவு வரும் வரையிலும் விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மீதி மாவை அவள் குடம் குடமாக மொண்டு சாக்கடையில் ஊற்றியதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கிரைண்டர் சத்தம் நின்றது. நல்ல காரியம் செய்ததாகக் குழுவில் எனக்கு மூன்று பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். லாரித் தண்ணீர் வந்து, கலந்து, பொடியின் வீரியம் போய்விட்டது. மறுபடியும் மழை பிடித்தது. ரெண்டாம் மாடிக் குழந்தை திரும்பவும் வாந்தி எடுத்தாள். போன முறையை விட மோசம். அவள் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினார். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கை என் மேல் உரசிவிட்டுப் போனது, சில்லென்று இருந்தது. அன்று சாயங்காலமே என் மனைவியும் படுத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை குளியலறைக்குப் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள், கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"நம்ம வீட்டுல அவங்க மாவு வாங்கினதே இல்லையே. அவங்களும் அரைச்சுப் பத்து நாளாச்சு. எனக்கு எப்படிங்க வந்துச்சு?"

மனைவிக்கு மருந்து கொடுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த கஞ்சித் தண்ணீர் வைத்துவிட்டு, சம்ப் கழுவும் ஆட்களுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் பகலில் ரெண்டு பேர் வந்தார்கள். தண்ணீரை இறைத்துவிட்டு ஏணி போட்டு ஒருவர் இறங்கினார். நான் மேலே மண்டியிட்டு டார்ச் அடித்தேன். அடியில் முழங்கால் வரை கருப்புச் சேறு. அதில் முடிக்கற்றை, கரப்பான் இறக்கைகள், நெளிகிற ஏதோ ஒன்று. அது கூடப் பரவாயில்லை. பக்கச் சுவரில் ஒரு நீள விரிசல். அதன் பின்னாலேயே தரைத்தளத்துக் கழிவுக் குழாய் போகிறது. குழாய் உடைந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து, விரிசல் வழியாக மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. எல்லார் வீட்டு வாயும் கொப்புளித்தது இதில்தான்.

கீழே நின்றவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இன்னா சார் இது, கக்கூஸ் தண்ணி இம்மாம் வந்துகினு கீது, ஊட்டாண்ட ஒர்த்தருக்கும் மோப்பம் தெர்லியா?"

எனக்குத் தெரிந்திருந்தது. பார்க்கிங் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். சம்ப்பைப் பார்த்து வந்த குமட்டல் என்று அவர்கள் நினைத்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டையைப் பிரித்த அந்தக் காலை நேரத்து என் முகம்தான் எனக்குக் குமட்டியது.

குழாயை மாற்றினோம், சுவரைப் பூசினோம். குழந்தை அஞ்சு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தாள். நான் குழுவில் இன்னொரு அறிவிப்பு போட்டேன். "சம்ப் சுவரில் விரிசல் இருந்தது. சரி செய்யப்பட்டது. மாவில் குறை இல்லை." எத்தனை தடவை படித்துப் பார்த்தாலும் அதில் பொய் இல்லை. பொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன.

மாவு அம்மாள் பதிவுச் சான்று எடுத்துவிட்டாள். மாவு மாதிரியின் முடிவும் வந்து, தண்ணீரைக் கவனி என்று மட்டும் சொல்லி அனுமதித்துவிட்டார்கள். கிரைண்டர் திரும்ப ஓடியது. வாசலில் பைக்குகள் மட்டும் திரும்பவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கிப் பழகிவிட்டார்கள்.

மனைவி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு தூக்குச்சட்டியைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "போய் மாவு வாங்கிட்டு வாங்க. நீங்களே போங்க" என்றாள்.

போனேன். அவள் அண்டாவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கிரைண்டருக்குப் பக்கத்தில் ரெண்டு கேன் தண்ணீர்.

"தப்பா நினைச்சுட்டேன்மா. நீங்க சொன்னப்பவே சம்ப்பைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றேன்.

"நீங்கதான் தொறந்தீங்களே சார்" என்றாள். "அந்த அம்மா டெஸ்ட்டு பண்ண வந்த அன்னிக்கு, காலீல. மூஞ்சில துண்டு கட்டிகினு கொட்டுனீங்க. நான் பின்னாடி அரிசி களைஞ்சிகினு இருந்தேன். தண்ணிக்குப் போடுற மருந்துதானேன்னு அதையே ஊத்தி அரைச்சேன்."

"அலுவலர் கேட்டப்போ ஏம்மா சொல்லலை?"

"நான் வாடகைக்கு கீறவ சார். நீங்க செக்ரட்டரி. நான் சொன்னா யார் நம்புவா? நீங்களே சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

அங்கேயே நின்று ஆய்வாளருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அந்தக் குழந்தை ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காது சார்" என்றார். சரிம்மா என்றேன். குழுவிலும் விட்டுப்போன அந்த வரியை எழுதினேன். பொடி கொட்டியது நான், அந்தப் பொடியால்தான் அவர்கள் மாவு கெட்டது, என் பெயரோடு. கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை.

அவள் எதையும் கேட்காதவள் மாதிரி எழுந்து கையை நீட்டினாள். "ஏனம் குடுங்க சார்."

தூக்குச்சட்டியைக் கொடுத்தேன். கேனைச் சாய்த்துத் தண்ணீர் விட்டு, உள்ளே கையை விட்டுச் சுற்றித் தேய்த்துக் கழுவினாள். கொட்டிவிட்டு இன்னொரு தடவை கழுவினாள். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மூன்றாம் தடவையும் கழுவினாள்.

"வீட்டுல கழுவித்தாம்மா கொண்டாந்தேன்."

"தெர்யும் சார்" என்றாள். "எதுக்கும் இருக்கட்டும்."

பிறகு மாவை மொண்டு ஊற்றி, மூடியை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.